கஞ்சமலைக் கல்லும் மாடிமேல் சூரியத் தகடும்: சிலிக்கானின் குறைகளைக் கணினி தேடும் விதம்

சேலம் நகருக்குத் தென்மேற்கே, சித்தர்கோவில் அடிவாரத்தில் கஞ்சமலைச் சரிவில் கிடக்கும் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், கறுப்பும் வெண்சாம்பலுமாக வரிகள் மாறி மாறி ஓடுவது தெரியும். கறுப்பு வரி மாக்னடைட் என்னும் இரும்புத் தாது; காந்தத் துண்டு ஒன்றை அருகில் கொண்டுபோனால் அந்த இழுவை விரலுக்கே புலப்படும். வெளிறிய வரி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா. இரும்பு உருக்குபவருக்கு வெளிறிய வரி கழிவு. சூரிய மின்கலம் செய்பவருக்கோ கறுப்பு வரிதான் நஞ்சு. இரும்பும் சிலிக்காவும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கல்லைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, சிலிக்கானில் இரும்பு செய்யும் கேட்டைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இயற்கையில் கிடைக்கும் குவார்ட்ஸைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் உருக்கினால் ஏறத்தாழ 98 முதல் 99 சதவீதம் தூய்மையான சிலிக்கான் கிடைக்கும். உலோகக் கலவைகளுக்கு அது போதும். மின்கலத்துக்குப் போதவே போதாது. அதை டிரைகுளோரோசிலேன் என்னும் ஆவியாகும் சேர்மமாக மாற்றி, வடித்துப் பிரித்து, மறுபடியும் சிலிக்கானாகப் படிய வைத்து, 1414 டிகிரி செல்சியஸில் உருக்கி, உருகிய குழம்பிலிருந்து ஒற்றைப் படிகத் தண்டாக மெல்ல மேலே இழுக்கிறார்கள். போலந்து நாட்டு அறிவியலாளர் யான் சொக்ரால்ஸ்கி 1916இல் கண்டறிந்த முறை இது. அந்தத் தண்டை அறுத்து எடுக்கும் சில்லின் தடிமன் இன்று சுமார் 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. இத்தனை பாடுபட்ட பிறகும் அந்தச் சில்லில் எஞ்சியிருக்கும் வேற்று அணுக்கள்தாம் மின்கலத்தின் திறனைத் தீர்மானிக்கின்றன.

எவ்வளவு சிறிய அளவு மாசு இந்தக் கேட்டைச் செய்கிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் சுமார் 5,000 கோடி லட்சம் கோடி அணுக்கள் உள்ளன. அதில் இரும்பு அணுக்கள் வெறும் ஒரு லட்சம் கோடி இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் 5,000 கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஓர் இரும்பு அணு. உலக மக்கள்தொகையைப் போல் ஆறு மடங்குக் கூட்டத்தில் ஒரே ஒரு வேற்றாள் என்று சொல்லலாம். வெயில் பட்டதும் சிலிக்கானில் எலக்ட்ரான் ஒன்று விடுபட்டு ஓடத் தொடங்குகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் துளை என்கிறோம். எலக்ட்ரான் சில்லின் மறுபக்கத்து மின்வாயைச் சென்றடைந்தால்தான் மின்சாரம். வழியில் துளையோடு மறுபடி சேர்ந்துவிட்டால் வெயிலின் ஆற்றல் வெறும் வெப்பமாக வீணாகிறது. நல்ல சில்லில் எலக்ட்ரான் ஒரு மில்லிவிநாடிக்கும் மேல் உயிர்த்திருக்கும். அதற்குள் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கூடுதலான தொலைவைக் கடந்துவிடும். மேற்சொன்ன அளவு இரும்பு பி-வகைச் சில்லில், அதாவது போரான் கலந்த சில்லில், இருந்தால் அந்த வாழ்நாள் ஏறத்தாழ ஒரு மைக்ரோவிநாடியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் அது கடப்பது சுமார் 60 மைக்ரான். சில்லின் தடிமனோ 150 மைக்ரான். எலக்ட்ரான் பாதி வழியைக்கூடத் தாண்டுவதில்லை.

இவ்வளவு அரிதாக இருக்கும் அணுவை நுண்ணோக்கியில் தேடிக் காண்பது ஏறக்குறைய இயலாத காரியம். அது இருப்பதை அதன் விளைவைக் கொண்டு ஊகிக்கலாம், வாழ்நாளை அளக்கலாம்; ஆனால் அது படிகத்தின் எந்த இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் யாரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது, என்ன செய்தால் அங்கிருந்து நகரும் என்ற கேள்விகளுக்கு அளவீடு மட்டும் விடை தருவதில்லை. கணினி மாதிரிகள் சூரிய மின்கல ஆய்வுக்குள் நுழைந்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

அடிப்படை 1964, 1965ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. ஒரு பொருளில் உள்ள எல்லா எலக்ட்ரான்களையும் தனித்தனியே பின்தொடர்வது எந்தக் கணினியாலும் ஆகாது. ஒவ்வோர் இடத்திலும் எலக்ட்ரான்கள் எவ்வளவு அடர்த்தியாக உள்ளன என்பதை மட்டும் அறிந்தால் அப்பொருளின் அடிநிலை ஆற்றலைக் கணக்கிடலாம் என்று வால்டர் கோனும் பியர் ஹோஹன்பெர்கும் நிறுவினார்கள். மறு ஆண்டே கோனும் லூ ஷாமும் அதைக் கணக்கிடத்தக்க சமன்பாடுகளாக ஆக்கித் தந்தார்கள். அடர்த்திச் சார்பியக் கோட்பாடு என்று பாடநூல்களிலும், டி.எஃப்.டி. என்று ஆய்வகப் பேச்சிலும் வழங்குவது இதுதான். 1998இல் கோனுக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதன் தொடக்கப் பாடத்தைச் சாதாரண மடிக்கணினியிலேயே செய்து பார்க்கலாம். என் மாணவர்களை ஆண்டுதோறும் செய்ய வைக்கிறேன். குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சிலிக்கான் படிகத்தின் மிகச் சிறிய அலகில் இரண்டே அணுக்கள். படிகக் கட்டத்தின் பக்க நீளத்தை 5.2 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) என்று கொடுத்து ஆற்றலைக் கணக்கிட வேண்டும், பிறகு 5.25, 5.3 என்று படிப்படியாக 5.7 வரை. ஒவ்வொரு கணக்கும் சில விநாடிகளில் முடிந்துவிடும். கிடைத்த எண்களை வரைபடத்தாளில் குறித்தால் ஒரு கிண்ணத்தின் வடிவம் வரும். கிண்ணத்தின் அடி எங்கே இருக்கிறதோ அதுவே சிலிக்கான் தானாக விரும்பும் நீளம். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிப்பதைக் கணக்கில் சேர்க்க நாம் தேர்ந்தெடுக்கும் தோராயத்தைப் பொறுத்து அது 5.40 அல்லது 5.47 என்று வரும். சோதனையில் அளந்த மதிப்பு 5.43. அளந்த நீளம் எதையும் உள்ளிடாமல், அணு எண் 14, அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் வடிவம் என்ற இரண்டிலிருந்து மட்டும் தொடங்கி, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பிழையோடு படிகத்தின் அளவு திரையில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது வகுப்பில் ஓர் அமைதி ஏற்படும். இருபது ஆண்டு பார்த்த பிறகும் எனக்கு அது அலுக்கவில்லை.

அடுத்த கணக்கிலேயே இந்த முறையின் குறையையும் அவர்கள் பார்த்துவிடுகிறார்கள், பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கத் தேவைப்படும் ஆற்றல் இடைவெளி சிலிக்கானுக்கு அறை வெப்பநிலையில் 1.12 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அதே மென்பொருள், அதே எளிய தோராயம், இந்த இடைவெளியைச் சுமார் 0.5 அல்லது 0.6 என்றே தருகிறது, உண்மையில் பாதி. படிகத்தின் வடிவத்தைச் சரியாகச் சொன்ன கணக்கு, மின்கலத்துக்கு மிக முக்கியமான எண்ணைத் தவறாகச் சொல்கிறது. இதைச் சரிசெய்யக் கலப்புச் சார்பியம் போன்ற நுட்பமான முறைகள் உண்டு; அவை உண்மைக்கு மிக நெருங்கிய மதிப்பைத் தருகின்றன, ஆனால் கணினி நேரத்தைப் பல மடங்கு விழுங்குகின்றன. எந்தக் கேள்விக்கு எந்தத் தோராயம் போதும் என்று அறிவதே இந்தத் துறையில் கைவரப்பெற வேண்டிய திறமை.

இனி இரும்புக்கு வருவோம். கணினிக்குள் 216 சிலிக்கான் அணுக்கள் கொண்ட ஒரு பெட்டியை அமைத்து, அணுக்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஓர் இரும்பு அணுவை வைக்கிறோம். பெட்டி எல்லாத் திசையிலும் முடிவின்றித் திரும்பத் திரும்ப அடுக்கப்படுகிறது என்பது கணக்கின் விதி; ஆகவே பக்கத்துப் பெட்டிகளிலும் ஒவ்வோர் இரும்பு அணு வந்துவிடுகிறது. உண்மைச் சில்லில் 5,000 கோடிக்கு ஒன்று என்று இருக்கும் மாசு இங்கே 216க்கு ஒன்று என்றாகிவிட, இரும்பு அணுக்கள் ஒன்றையொன்று உணரத் தொடங்குகின்றன. மின்னேற்றம் பெற்ற அணுவாக இருந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். இந்தப் பொய்யான ஈர்ப்பையும் விலக்கத்தையும் கழித்துத் திருத்தாமல் வெளியிடப்படும் எண்களை நம்ப முடியாது.

சரியாகச் செய்த கணக்கு சொல்லும் செய்தி பயனுள்ளது. இடுக்கில் உள்ள இரும்பு நேர்மின்னேற்றம் கொள்கிறது. பி-வகைச் சில்லில் கலந்துள்ள போரான் அணு எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே இரும்பு மெல்ல நகர்ந்து போரானோடு இணைகிறது. வலுவான ஒளி பட்டால் இணை பிரிகிறது, இருட்டில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி சேர்கிறது. சோதனைக்கூடத்தில் இந்தப் பிரிவையும் சேர்க்கையையும் பயன்படுத்தித்தான் இரும்பின் அளவையே மதிப்பிடுகிறார்கள்: ஒளி படுவதற்கு முன்பும் பின்பும் வாழ்நாளை அளந்தால், வேறுபாடு இரும்பின் அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். இரும்பு ஓர் இடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவத் தேவையான ஆற்றல் சுமார் 0.67 எலக்ட்ரான்வோல்ட் என்பது தெரிந்தவுடன், 850 டிகிரி அளவில் பாஸ்பரஸைச் சில்லின் மேற்பரப்பில் ஊடுருவச் செய்யும்போது இரும்பு எவ்வளவு விரைவில் அந்த மேற்பரப்புக்கு ஓடிச் சேரும், உலையை எவ்வளவு மெல்லக் குளிர்வித்தால் அது உள்ளே திரும்பாமல் அங்கேயே தங்கும் என்பவற்றை முன்கூட்டியே கணக்கிடலாம். ஆலையில் உலையின் வெப்பநிலை அட்டவணையை மாற்றி மாற்றிப் பரிசோதிப்பது நாட்களையும் சில்லுகளையும் தின்னும் வேலை. கணினியில் அதே அட்டவணையை ஆயிரம் விதமாக மாற்றிப் பார்த்து, தேறாதவற்றை விலக்கிவிட்டு, நாலைந்தை மட்டும் உலைக்குக் கொண்டுபோகலாம். மாதிரியாக்கத்தின் பெரும்பயன், என் கணிப்பில், எதைச் செய்ய வேண்டாம் என்று அது சொல்வதில் இருக்கிறது.

போரானும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்த கேடு இதைவிட நீண்ட கதை. புதிய மின்கலத்தை வெயிலில் வைத்ததும் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அதன் திறன் குறைவதை 1973இல் கண்டார்கள். காரணம் போரானா, ஆக்சிஜனா, இரண்டும் சேர்ந்தா என்பதைத் தெளிவாக்கவே இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் இல்லை. சிலிக்கானை உருக்கும் குவார்ட்ஸ் மூசையின் சுவர் சிறிது சிறிதாகக் கரைந்து குழம்பில் கலக்கிறது. ஆனால் படிகத்துக்குள் போரானும் ஆக்சிஜனும் எந்த வடிவில் கூட்டு சேர்கின்றன என்பதை அணு அளவில் நேரே பார்க்க வழியில்லை. இங்கே கணக்கீட்டாளர்கள் ஒவ்வொரு கூட்டமைப்பாக எடுத்து, அது நிலைத்திருக்குமா, ஒளியில் உருவாகுமா, சூடாக்கினால் கலையுமா என்று பரிசோதித்தார்கள். போரான் ஒன்றும் ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்த அமைப்பு நெடுங்காலம் முன்னணியில் இருந்தது. அதில் உள்ள நுணுக்கங்கள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. தொழில்துறை அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. போரானுக்குப் பதிலாகக் காலியத்தைக் கலந்தால் இந்தக் கேடு இல்லை என்று தெரிந்திருந்தது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் பி-வகைச் சில்லு செய்தவர்கள் பெருமளவில் காலியத்துக்கு மாறினார்கள். பின்னர் பாஸ்பரஸ் கலந்த என்-வகைச் சில்லே மேலோங்கிவிட்டது. கோட்பாடு முழுதாகத் தெளிவதற்கு முன்பே நடைமுறை ஒரு வழியைக் கண்டுவிடுவது பொருள் அறிவியலில் புதிதல்ல.

ஹைட்ரஜனின் நடத்தை எல்லாவற்றையும் விட விசித்திரமானது. சிலிக்கான் அணு ஒவ்வொன்றும் நான்கு அண்டை அணுக்களோடு நான்கு பிணைப்புகளால் கட்டுண்டது. சில்லின் மேற்பரப்பிலோ அடுத்த அணு இல்லை. பிணைப்பு அறுந்து தொங்குகிறது. அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓட்டுபவர்கள் பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த முனையை முடிந்த பிறகே மேலே ஓட்டுவார்கள். விட்டுவிட்டால் துணியின் நீளம் முழுவதும் அந்தக் குறை ஓடும். சிலிக்கானில் அறுந்த பிணைப்பு ஒவ்வொன்றும் எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் பொறி. அதன் முனையில் ஹைட்ரஜன் அணு ஒன்று வந்து அமர்ந்தால் பொறி மூடிக்கொள்கிறது. ஆனால் ஹைட்ரஜன் தேவைக்கு மேல் சில்லுக்குள் புகுந்தால் அதுவே புதிய குறைகளை உண்டாக்குவதாகத் தெரிகிறது. வெப்பமும் ஒளியும் சேர்ந்து வரும்போது, 50 டிகிரிக்கு மேல், மாதக்கணக்கில் மெல்லத் தோன்றும் ஒரு திறனிழப்பு 2012 முதல் பதிவாகிவருகிறது. அதில் ஹைட்ரஜனுக்குப் பங்குண்டு என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன.

சிலிக்கானுக்குள் ஹைட்ரஜன் நேர்மின்னேற்றத்தோடு இருக்கும்போது இரண்டு சிலிக்கான் அணுக்களின் பிணைப்பு நடுவில் வந்து அமர்கிறது என்றும், எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும்போது பிணைப்பை விட்டு விலகி வெற்று இடுக்கைத் தேடுகிறது என்றும், மின்னேற்றமற்ற நடுநிலை அதற்கு ஒருபோதும் நிலையானதல்ல என்றும் 1980களின் இறுதியிலேயே கணக்கீடு காட்டிவிட்டது. மின்கல ஆலைகள் இந்தக் கேட்டைச் சந்திப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முன்பே போடப்பட்ட கணக்கு அது. இன்று சில்லின் கலப்பு, ஒளியின் வலிமை, வெப்பநிலை ஆகியவற்றை மாற்றி ஹைட்ரஜனின் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தி, வேண்டிய இடத்துக்கு அதை நகர்த்தும் முறைகள் அந்தப் பழைய புரிதலின் மேல்தான் நிற்கின்றன.

ஹைட்ரஜன் கலந்த ஒழுங்கற்ற சிலிக்கானை, சில நானோமீட்டர் தடிமனில், படிகச் சில்லின் இருபுறமும் பூசிச் செய்யும் கலங்களும் உண்டு. ஒழுங்கற்ற பொருளை 216 அணுப் பெட்டியில் அடைக்க முடியாது. ஒழுங்கின்மை என்பதையே அத்தனை சிறிய பெட்டி காட்டாது. பெட்டியைப் பெரிதாக்கினால் டி.எஃப்.டி. திணறுகிறது: அணுக்கள் இரண்டு மடங்கானால் வேலை எட்டு மடங்காகிறது. 1985இல் ஸ்டில்லிங்கரும் வெபரும் சிலிக்கானுக்கென்று ஓர் எளிய விசைச் சூத்திரம் தந்தார்கள். அதைக்கொண்டு லட்சக்கணக்கான அணுக்களை அசைத்துப் பார்க்கலாம், ஆனால் குவாண்டம் நுட்பம் அதில் இல்லை. இந்த இரண்டு கரைகளுக்கும் பாலம் போட்டது இயந்திரக் கற்றல். ஆயிரக்கணக்கான சிறிய அமைப்புகளுக்கு டி.எஃப்.டி. கொடுத்த விசைகளைப் படிக்கவைத்து, அவற்றிலிருந்து விதியைக் கற்றுக்கொண்ட ஒரு சூத்திரத்தைப் பெரிய அமைப்பில் ஓட்டுகிறார்கள். 2021இல் இப்படி ஒரு லட்சம் அணுக்கள் கொண்ட ஒழுங்கற்ற சிலிக்கானை, குவாண்டம் கணக்குக்கு நெருங்கிய துல்லியத்தோடு, உருகிய நிலையிலிருந்து குளிர்வித்துக் காட்டினார்கள். கற்பிக்காத சூழல் ஒன்று வந்தால் இந்தச் சூத்திரங்கள் தயக்கமே இல்லாமல் தவறான விடையைத் தரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அணுவிலிருந்து மேலே வந்தால் வேறு வகை மாதிரிகள். தண்டை இழுக்கும் வேகத்துக்கும், குழம்பு உறைந்து திடமாகும் எல்லையான உறைமுகத்தின் வெப்பச் சரிவுக்கும் உள்ள விகிதமே, படிகத்தில் அணு இல்லாத வெற்றிடங்கள் மிகுமா, இடுக்கில் செருகிக்கொண்ட கூடுதல் அணுக்கள் மிகுமா என்பதைத் தீர்மானிக்கிறது என்று வோரன்கோவ் 1982இல் காட்டினார். உலைக்குள் குழம்பின் ஓட்டத்தைக் கணக்கிடுபவர்களுக்கு இன்றும் அதுவே வழிகாட்டி. அதே ஆண்டில் எலி யப்லோனோவிச், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒளியைச் சிறைப்படுத்தினால் அதன் பாதையை ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தைப் போல் நான்கு மடங்கு நீட்டலாம் என்று நிறுவினார். சிலிக்கானுக்கு அது ஏறத்தாழ ஐம்பது மடங்கு. சில்லை 150 மைக்ரானாக மெலிதாக்க முடிந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம்.

வெள்ளிக் கம்பிகளைப் பற்றிச் சேலத்துக்காரர் ஒருவர் சொல்லாமல் விடக் கூடாது. பேனலின் கண்ணாடிக்கு நெருக்கமாகக் குனிந்து பார்த்தால் கறுநீலப் பரப்பின் மேல் தலைமுடியை விட மெல்லிய கோடுகள் இணையாக ஓடுவதைக் காணலாம். அவை வெள்ளிப் பசையால் அச்சிடப்பட்டவை. கோடு அகலமானால் வெயிலை மறைக்கும். மெலிந்தால் மின்தடை கூடும். இந்த இழுபறியில் எந்த அகலம், எந்த இடைவெளி என்பதைச் சாதன மாதிரிகள் தீர்மானிக்கின்றன. வாட் ஒன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் என்று வைத்தால், 3 கிலோவாட் கூரை அமைப்பில் 30 கிராம் வெள்ளி இருக்கும்; செவ்வாப்பேட்டைக் கடையில் அந்த எடைக்கு ஒரு மெல்லிய ஜோடிக் கொலுசே வாங்கிவிடலாம். வெள்ளிக்குப் பதில் செம்பைக் கொண்டுவரும் முயற்சி நடக்கிறது. ஆனால் செம்பும் இரும்பைப் போலவே சிலிக்கானுக்குள் ஊடுருவி எலக்ட்ரானைக் கொல்லும் என்பதால், தடுப்புப் படலம் எது, எவ்வளவு தடிமன் என்ற கேள்வி மறுபடியும் அணுக் கணக்குக்கே திரும்புகிறது.

இவ்வளவு நுணுக்கமும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு மே மாத மதியத்தைக் காட்டுவேன். நிழலில் 39 டிகிரி இருந்த ஒரு நாள், இரண்டு மணிக்கு, எங்கள் மாடியில் பேனலின் பின்புறம் ஒட்டிய வெப்பமானி 65 டிகிரி காட்டியது. பேனலின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறனோ 25 டிகிரியில் அளந்தது. பெர்க் எனப்படும் வகைக் கலம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.35 சதவீதம் இழக்கும்; 40 டிகிரிக்கு 14 சதவீதம். ஒழுங்கற்ற சிலிக்கான் பூசிய கலம் டிகிரிக்குச் சுமார் 0.25 சதவீதமே இழக்கிறது; அதே மதியத்தில் 10 சதவீதம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் பெற்று 3 கிலோவாட் அமைத்தவர் வீட்டில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 120 வாட்; ஒரு பழைய மின்விசிறியும் இரண்டு மூன்று விளக்குகளும் ஓடும். அதே பேனலை ஏற்காட்டுக்கு எடுத்துச் சென்றால், 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சுமார் எட்டு டிகிரி குளிர்ந்திருக்கும்; மூடுபனி இல்லாத நாளில் பேனல் அதற்கு நன்றி சொல்லும்.

வெப்ப இழப்பு ஏன் கலத்துக்குக் கலம் வேறுபடுகிறது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் இழைகள் ஒன்று சேர்கின்றன. வெப்பம் ஏறும்போது கலத்தின் மின்னழுத்தம் சரிகிறது. 0.68 வோல்ட் தரும் பெர்க் கலத்தில் அந்தச் சரிவு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட், 0.74 வோல்ட் தரும் ஒழுங்கற்ற சிலிக்கான் பூசிய கலத்தில் 1.8 மில்லிவோல்ட். இயற்பியல் எளிது: எலக்ட்ரான்கள் வழியில் குறைவாக மடிந்தால் மின்னழுத்தம் ஆற்றல் இடைவெளியின் எல்லையை நெருங்குகிறது, நெருங்க நெருங்க வெப்பத்துக்கு அது விட்டுக்கொடுக்க வேண்டியது குறைகிறது. ஆகவே மேற்பரப்பில் ஹைட்ரஜன் மூடிய ஒவ்வொரு பொறியும் 25 டிகிரியில் தரும் ஆதாயத்தை விட 65 டிகிரியில் கூடுதலாகத் தருகிறது. குளிர்நாடுகளில் உருவாக்கப்பட்ட இந்தப் பொருள் நுட்பத்தால் அதிகம் பயன்பெறுவது நம்மைப் போன்ற வெயில் ஊர்கள்தாம். சிலிக்கான் ஒற்றைக் கலத்தின் கோட்பாட்டு உச்சம் 29.4 சதவீதம், ஆய்வகச் சாதனைகள் 27ஐத் தாண்டிவிட்டன. எஞ்சியிருக்கும் சுமார் இரண்டு சதவீதத்துக்காகத்தான் இன்று உலகெங்கும் போராட்டம், அதற்கு ஒவ்வொரு குறையையும் பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

கணினி வசதி நமக்கு எட்டாத ஒன்றல்ல. திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கப்பட்ட பரம் பொருள் மீக்கணினியின் திறன் 838 டெராஃபிளாப்ஸ். விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். 216 அணுப் பெட்டியில் கலப்புச் சார்பியக் கணக்கு போட அது தாராளம். திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டானில் 2024 முதல் சிலிக்கான் கலங்கள் தயாராகின்றன. அவற்றுக்கான சில்லுகளை இந்தியத் தொழில்துறை இன்னும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறது. வாங்கும் சில்லின் குறைகளை அறிந்து அதற்கேற்ப உலையை அமைப்பதற்காவது இந்தக் கணக்கறிவு உள்ளூரில் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்கும் நம் ஊர் வெயிலே அளவுகோல். ஒரு குறை உருவாவதற்குத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை 1 எலக்ட்ரான்வோல்ட் என்று கொள்வோம். 25 டிகிரியில் அது நடக்கும் வேகத்தைப் போல் 65 டிகிரியில் நூறு மடங்கு வேகத்தில் நடக்கும். குளிர்ந்த ஆய்வகத்தில் ஓராண்டு எடுக்கும் மாற்றம், சூடான மாடியில் 65 டிகிரி நேரம் மொத்தம் நான்கு நாள் அளவு, அதாவது சுமார் 90 மணி நேரம், சேர்ந்தாலே முடிந்துவிடும். அந்தத் தடையைக் கணக்கிடுவதில் வெறும் 0.1 எலக்ட்ரான்வோல்ட் பிழை நேர்ந்தால், அந்த வேகத்தின் மதிப்பில் முப்பது மடங்கு பிழை வரும். இன்றைய நல்ல கணக்குகளின் பிழை பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. ஆகையால் எலக்ட்ரானைக் குறை பிடிக்கும் வேகத்தையும் ஆண்டுகள் கழித்து வரும் சிதைவையும் கணக்கு மட்டும் சொல்லிவிட முடியாது. மாடியில் உள்ள பேனலின் வெப்பநிலையை மணிக்கு மணி பதிவு செய்து, அதன் மின்னழுத்தத்தை மாதந்தோறும் அளந்து, அந்த எண்களை வைத்துத் தடையின் மதிப்பைத் திருத்த வேண்டும். எங்கள் மாடியில் வெப்பமானி ஒட்டியது அதற்காகத்தான். முதல் ஆண்டின் பதிவு இப்போது ஒரு மாணவியின் கணினியில் இருக்கிறது. 50 டிகிரியைத் தாண்டிய மணி நேரங்களை மட்டும் அவர் தனியே பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.